வேலையைத் தருவது பாடப்பிரிவா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை நெருங்கும்போதெல்லாம் எந்தப் படிப்புக்கு எதிர்காலம் இருக்கிறது என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால் பிள்ளையின் வாழ்க்கையே போச்சு என்பது ஒரு கட்சி. எதைப் படித்தாலும் திறமை இருந்தால் போதும், உலோகவியல் படித்த சுந்தர் பிச்சை கூகுளுக்குத் தலைவராகவில்லையா என்பது இன்னொரு கட்சி. நான் நிறுவனங்களுக்கு ஆள் தேர்வு செய்து கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த இரண்டு பேச்சையும் நம்பி வந்து நிற்கும் பிள்ளைகளை அன்றாடம் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இரண்டாவது கட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேட்க இதமாக இருந்தாலும் அதிகம் பேரை ஏமாற்றுவது அதுதான். சுந்தர் பிச்சை உலோகவியல் படித்தார், உண்மை. அதற்கப்புறம் ஸ்டான்ஃபோர்டில் முதுகலையும், வார்ட்டனில் எம்.பி.ஏ.வும் படித்தார். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவரையும் இந்த இடத்தில் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பிறகு அவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து, அடிப்படையிலிருந்து உயிரியல் படித்ததை யாரும் சொல்வதில்லை. துறை மாறுவது முடியாத காரியமில்லை. அதற்குக் காலம் வேண்டும், பணம் வேண்டும், அதுவரை வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இவை எதுவும் இல்லாத மாணவனிடம் போய், எதைப் படித்தாலும் பரவாயில்லை தம்பி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சில வேலைகளில் பாடப்பிரிவுதான் எல்லாம். அதில் வாதத்துக்கே இடமில்லை. மருத்துவம், செவிலியர் பணி, மருந்தாளுநர் பணி, சட்டம் ஆகியவற்றில் உரிய படிப்பும் பதிவும் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இந்தத் தொழில்களில் ஏதாவது ஒன்றை மனதில் வைத்திருப்பவர், முதலில் ஏதோ ஒரு டிகிரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், பிறகு தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அப்படிச் சட்டமே வரையறுத்த வேலைகள் மொத்த வேலைகளில் ஒரு பகுதிதான். மீதி வேலைகளில் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் அங்கே 2010-இல் திரட்டப்பட்ட கணக்கெடுப்பு விவரங்களை வைத்துப் பார்த்தார்கள். பட்டதாரிகளில் சுமார் 62 சதவீதம் பேர் பட்டம் தேவைப்படும் வேலையில் இருந்தார்கள். படித்த பாடத்தோடு நெருங்கிய தொடர்புள்ள வேலையில் இருந்தவர்களோ சுமார் 27 சதவீதம்தான். நான்கில் மூன்று பேர் படித்தது ஒன்று, செய்வது இன்னொன்று. எங்கள் அலுவலகத்துக்கு வரும் அனுபவசாலிகளின் ரெஸ்யூமேக்களைப் பார்க்கிற எனக்கு இதில் வியப்பே இல்லை. நாற்பது வயதுக்காரரின் ரெஸ்யூமேயில் பட்டம் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகச் சுருங்கியிருக்கும். நேர்காணலில் யாரும் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள்.

அப்படியானால் பாடப்பிரிவு முக்கியமில்லையா? அங்கேதான் சிக்கல். நாற்பது வயதில் யாரும் கேட்காத அந்த வரியை இருபத்திரண்டு வயதில் எல்லோரும் கேட்கிறார்கள். ஏனென்றால் அந்த வயதில் கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் புதியவர்கள் சிலர் தேவைப்படுகிறார்கள். துறை மேலாளர் இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புவார். போன முறை வந்த விளம்பரத்தைத் திறந்து, தேதியை மாற்றி, தகுதி என்ற இடத்தில் ஏற்கெனவே இருப்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த வரியை முதன்முதலில் யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்பது அநேகமாக யாருக்கும் தெரியாது. அப்புறம் அது இணையதளத்தில் ஏறுகிறது. விண்ணப்பிப்பவர் பட்டியலிலிருந்து தன் பட்டத்தைத் தேர்வு செய்ய வேண்டும். பட்டியலில் உள்ள பிரிவாக இல்லாவிட்டால் அந்த விண்ணப்பத்தை மென்பொருளே ஒதுக்கிவிடும். அடுத்த பக்கத்தில் அவர் என்ன எழுதியிருந்தாலும் அதை எந்த மனிதரும் படிக்கப் போவதில்லை. விண்ணப்பங்கள் மலைபோல் குவியும்போது ஏதாவது ஒரு சல்லடை வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த வேலைக்கும் சல்லடைக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று ஒருவராவது ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

பொருள் விவரங்களைச் சரிபார்க்கும் குழுவுக்கு ஒருமுறை ஆள் எடுத்தோம். ஒரே பொருள் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கும். ஒரு வரியில் கிராம், இன்னொரு வரியில் கிலோ என்று இருக்கும். அதையெல்லாம் கண்டுபிடித்து ஒழுங்குபடுத்துகிற வேலை. விளம்பரத்தில் கணினி அறிவியல், ஐ.டி. பட்டதாரிகள் மட்டும் என்று இருந்தது. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர், தனக்குத் தெரிந்த பெண் என்று சொல்லி ஒரு ரெஸ்யூமேயை நேராக மேலாளரிடம் கொடுத்தார். தாவரவியல் பட்டம். பாட்டனி படித்தவருக்கு இங்கே என்ன வேலை என்றுதான் மேலாளர் ஆரம்பித்தார். அந்தப் பெண் பதற்றப்படாமல் மடிக்கணினியைத் திறந்தார். கல்லூரியின் உலர்தாவரச் சேகரிப்பில் பாடம் செய்து ஒட்டி வைத்திருந்த பழைய செடிகளின் சீட்டுகளை ஒரு அட்டவணையாக்கியிருந்தார். செடியின் அறிவியல் பெயர், பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர், சேகரிப்பு எண் எல்லாம் தனித்தனிப் பத்திகளில் இருந்தன. பழைய சீட்டுகளில் சிலர் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதியிருந்தார்கள். சிலர் 3/4 என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அது மார்ச்சா, ஏப்ரலா? ஒரே ஊருக்கு நாலு விதமான எழுத்துக்கூட்டல். சில செடிகளுக்குப் பெயரே பிற்காலத்தில் மாறிப்போயிருந்தது.

“திருத்தியதை ஒரு பத்தியிலும், சீட்டில் இருந்ததை இருந்தபடியே இன்னொரு பத்தியிலும் வைத்திருக்கிறேன். நான் திருத்தினது தப்பா இருந்தா, அடுத்து வர்றவங்க பழையதைப் பார்த்துச் சரிபண்ணலாம்” என்றார்.

மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் மாதக்கணக்கில் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் அது. மூலத்தை அழித்து எழுதாதே என்று அவர் எத்தனையோ பேரிடம் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. அதே வாரம் கணினி அறிவியல் பட்டத்தோடு வந்த ஒரு பையனிடம், இறுதியாண்டு புராஜெக்டில் உங்கள் பங்கு எது என்று கேட்டோம். குழுவாகச் செய்தோம் என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

இந்தக் கதையைச் சொன்னால், பார்த்தீர்களா, திறமைதானே முக்கியம் என்பார்கள். நான் சொல்ல வருவது அதுவல்ல. ரெஸ்யூமேயைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க அந்தப் பெண்ணுக்கு ஒருவர் இருந்தார். அந்த ஒருவர் இல்லாதிருந்தால் இணையதளம் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். மடிக்கணினியைத் திறக்கும் வாய்ப்பே வந்திருக்காது. அறிமுகம் உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பாடப்பிரிவு அவ்வளவு முக்கியமில்லை. மாமா ஒருவர், அப்பாவின் நண்பர் ஒருவர், சீனியர் ஒருவர் என்று யாராவது கதவைத் தட்டிக்கொடுப்பார்கள். குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு அந்தப் பட்டத்தின் பெயர்தான் அறிமுகம். வேறு சிபாரிசு கிடையாது. பாடப்பிரிவு வேலையைத் தீர்மானிக்கிறதா என்று கேட்பவர்கள், யாருடைய வேலையை என்று சேர்த்துக் கேட்க வேண்டும். உங்களுக்கு எவ்வளவு குறைவான ஆட்களைத் தெரியுமோ, அவ்வளவு அதிகமாக அது தீர்மானிக்கிறது. என் அனுபவத்தில் இதற்கு விலக்காக வந்தவர்கள் மிகச் சிலரே.

இது என் ஒருத்தியின் எண்ணம் மட்டுமல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாக எடுக்க, ஆரம்பப் பாடங்களில் நான்குக்கு 2.8 என்ற சராசரி மதிப்பெண் வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களையும் சற்றுக் கீழே இருந்தவர்களையும் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டு, 2022-இல் வெளியிட்டார்கள். மதிப்பெண்ணில் மயிரிழை வித்தியாசம்தான், கல்லூரியும் ஒன்றுதான். ஆனாலும் கோட்டைத் தாண்டிப் பொருளாதாரம் படித்தவர்கள் வேலையின் ஆரம்ப ஆண்டுகளில், அது கிடைக்காமல் வேறு பாடம் எடுத்திருந்தால் வாங்கியிருக்கக்கூடியதைவிடச் சுமார் 46 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். இந்த வித்தியாசத்தில் பாதிக்கு அவர்கள் எந்தத் துறையில் வேலைக்குப் போனார்கள் என்பதே காரணம். வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடத்தைவிட, அந்தப் பட்டம் எந்த வாசலுக்கு அழைத்துப்போனது என்பதுதான் அங்கே பெரிதாக வேலை செய்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி முதல் கட்சிக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் கவலையில்லை என்கிற கட்சி. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட கணக்கில், 22 முதல் 27 வயதுள்ள அமெரிக்கப் பட்டதாரிகளில் கணினி அறிவியல் படித்தவர்களிடையே வேலையின்மை 6.1 சதவீதம். கணினிப் பொறியியலில் 7.5 சதவீதம். கலை வரலாறு படித்தவர்களிடையே அது 3 சதவீதம்தான். இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் கலை வரலாற்றுக்கு ஓட வேண்டாம். வேலையில் இருப்பது வேறு, பட்டத்துக்கு ஏற்ற வேலையில் இருப்பது வேறு. அதே கணக்கில், பட்டமே தேவைப்படாத வேலையில் இருப்பவர்கள் குற்றவியல் நீதி படித்தவர்களில் சுமார் 67 சதவீதம், செவிலியர் படிப்பு முடித்தவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு. கணினி அறிவியலும் இந்த அளவில் நல்ல நிலையில்தான் இருக்கிறது. நான் சொல்வது, எந்தப் பிரிவும் யாருக்கும் உத்தரவாதச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை என்பதைத்தான்.

காரணமும் புதிதல்ல. இன்றைக்குச் சம்பளம் எங்கே அதிகமோ அந்தப் படிப்பில் எல்லோரும் சேர்கிறார்கள். படித்து முடிக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது சந்தை மாறியிருக்கும், சம்பளம் இறங்கியிருக்கும். அதைப் பார்த்து அடுத்த தொகுதி மாணவர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். சில ஆண்டுகளில் ஆள் பற்றாக்குறை வந்து மறுபடியும் சம்பளம் ஏறும். பொறியாளர்கள் விஷயத்தில் ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற பொருளாதார அறிஞர் 1976-லேயே இதை எழுதிவிட்டார். இணைய நிறுவனங்கள் திடீரென்று பெருகி, 2000-ஐ ஒட்டிச் சரிந்த டாட்காம் காலத்திலும் இதுவே நடந்தது. ஏற்றத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் சரிவில் வெளியே வந்தார்கள். அதற்கப்புறம் அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெறுவோர் எண்ணிக்கை சில ஆண்டுகள் குறைந்துகொண்டே போனது. இன்றைய சம்பளத்தைப் பார்த்து நான்கு ஆண்டு கழித்து வரப்போகும் வேலையைத் தேர்வு செய்யச் சொல்கிறோம், பதினேழு வயதுப் பிள்ளையை.

இன்னொன்றும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பொறியியல், கணினி போன்ற படிப்புகளுக்கு ஆரம்பச் சம்பளம் அதிகம் என்பது சரிதான். ஆனால் அந்தக் கூடுதலில் பாதிக்கு மேல் முதல் பத்து ஆண்டுகளுக்குள் கரைந்துவிடுகிறது என்று டேவிட் டெமிங், கதீம் நொரே இருவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அந்தத் துறைகளில் கருவிகள் சீக்கிரம் மாறுகின்றன. கல்லூரியில் கற்றது பழசாகும் வேகமும் அதிகம். தொடர்ந்து கற்பவர் தாக்குப்பிடிக்கிறார். விருப்பமில்லாமல் சேர்க்கப்பட்டவர் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறார். முப்பது வயதில் வேலை போய், நான் இந்தப் படிப்பைக் கேட்கவே இல்லை மேடம் என்று எதிரில் உட்கார்ந்து சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். நார்வேயில் கல்லூரி இடங்கள் ஒரே பொதுச் சேர்க்கையில் ஒதுக்கப்படுகின்றன. அந்த விவரங்களை வைத்து 2016-இல் வந்த ஓர் ஆய்வு, துறைக்குத் துறை வருமானம் பெரிதும் மாறுகிறது என்று காட்டியது. கூடவே, ஒரே துறை எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை, மாணவர்கள் தங்களுக்கு எது கைவருமோ அதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் காட்டியது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பலித்த படிப்பு நம் வீட்டுப் பையனுக்கும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, சேரப்போகும் பிள்ளை என்னதான் செய்வது? ஸ்கோப் இருக்கிறதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் திருப்பிச் சில கேள்விகளைக் கொடுத்து அனுப்புவேன். பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்று கல்லூரியில் கேளுங்கள். இது முக்கியம். விளம்பரப் பலகையில் கவர்ச்சியாக இருக்கும் புதுப்புதுப் பெயர்கள் வேலை விளம்பரத்தின் தகுதிப் பட்டியலில் இருக்காது. இது அதற்குச் சமமான படிப்புதான் என்று நிரூபிக்க ஓடுவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிடும். இந்தப் படிப்பிலிருந்து வேறு எதற்கெல்லாம் மாறலாம் என்று கேளுங்கள். கணிதம் படித்தவர் பின்னால் பொருளாதாரத்துக்கோ கணினிக்கோ போவது எளிது. கணிதமே இல்லாத படிப்பிலிருந்து அங்கே வருவது கடினம். சில படிப்புகள் பல வாசல்களைத் திறந்து வைக்கின்றன, சில படிப்புகள் ஒரே வாசலில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. இரண்டிலும் தப்பில்லை, ஆனால் தெரிந்து சேர வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் அதே பிரிவில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மேடையில் ஏற்றப்படும் முதல் ஐந்து பேரைப் பற்றியல்ல, நடுவில் இருந்த பிள்ளைகளைப் பற்றி.

ஏற்கெனவே ஏதோ ஒரு பிரிவில் சேர்ந்துவிட்டவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் காட்ட ஒன்றைச் செய்து வையுங்கள். பெரிதாக இருக்கத் தேவையில்லை. முழுக்க நீங்களே செய்ததாக, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியதாக இருந்தால் போதும். மந்தமான ஆண்டில் பட்டம் பெற்று வெளியே வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனடாவின் பட்டதாரிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பொருளாதார மந்தத்தில் வெளிவந்தவர்களின் ஆரம்ப வருமானம் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது, அந்தக் குறை ஐந்து ஆண்டுகளில் பாதியாகி, பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ மறைந்தது. நல்ல நிறுவனத்துக்கு மாறியவர்கள் சீக்கிரம் மீண்டார்கள். முதல் வேலை சரியாக அமையவில்லை என்றால் அது உங்கள் பட்டத்தின் குற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் பாரம் முழுவதையும் பிள்ளைகள் தலையில் ஏற்றிவிட்டு நாங்கள் நகர்ந்துவிட முடியாது. என் தொழிலில் இருப்பவர்களுக்கும், ஆள் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் மேலாளர்களுக்கும் தங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். தகுதி என்ற அந்த வரியை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுங்கள். பாலத்துக்குக் கணக்குப் போடுபவர் கட்டடப் பொறியாளராக இருக்கட்டும். அட்டவணையைச் சரிபார்ப்பவர் ஏன் ஐ.டி. படித்திருக்க வேண்டும்? காரணம் சொல்ல முடியவில்லை என்றால் ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்று எழுதிவிட்டு, அந்த வேலையையே சிறிய அளவில் செய்து காட்டச் சொல்லும் அரைமணி நேரத் தேர்வு ஒன்று வையுங்கள். நான் ஆள் எடுத்துக் கொடுக்கும் இரண்டு நிறுவனங்கள் இதற்குச் சம்மதித்தன. கூடுதலாக ஆன வேலை, தேர்வுத்தாளைத் திருத்துவது மட்டும்தான். அதையும் அந்தக் குழுவில் இருப்பவர்களே செய்துவிடுகிறார்கள்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சேர்க்கைக் காலத்தில் கல்லூரி விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வரும். அவற்றோடு ஒரு சிறு பகுதியும் வெளியிடுங்கள். வாரம் ஒரு பாடப்பிரிவை எடுத்துக்கொண்டு, அதைப் படித்து ஐந்தாறு ஆண்டு ஆனவர்கள் சிலரிடம் இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், முதல் வேலை எப்படிக் கிடைத்தது, யார் உதவினார்கள் என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே போடுங்கள். வேலை கிடைக்காதவர்களிடமும் கேளுங்கள். வீட்டில் விசாரித்துச் சொல்ல ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு அது உதவும்.

இப்படிக்கு,
ஆள்தேர்வுப் பணியில் இருக்கும் ஒரு வாசகி